சிறு அறுவைக்குப் பின் அன்றே வீட்டுக்கு அனுப்பலாமா?

கேள்வி:
பகல்நேரப் பிரிவில் குடலிறக்கம், மூலம், கட்டி அகற்றல் போன்ற அறுவைகள். பிரஷர், நாடித்துடிப்பு சரியாக இருந்தாலே டிஸ்சார்ஜ் எழுதலாமா?

பதில் 1:
அது மட்டும் போதாது. பிரஷரும் நாடியும், நடை, குமட்டல், வலி, ரத்தக்கசிவு ஆகிய ஐந்துக்கும் தலா 0 முதல் 2 வரை மதிப்பெண் போடுங்கள் (நிலை நன்றாக இருந்தால் 2); பத்துக்கு 9 அல்லது அதற்கு மேல் வந்தால் அனுப்பலாம். முதுகில் ஊசி போட்டு மரக்கச் செய்திருந்தால் கால் உணர்வும் பலமும் முழுதாகத் திரும்ப வேண்டும். குடலிறக்கம், மூலம் என்றால் சிறுநீர் போனாரா என்று கட்டாயம் பாருங்கள். மரத்திருக்கும்போது சிறுநீர்ப்பை நிரம்புவதே தெரியாது. வீட்டுக்குப் போனபின் அடைத்துக்கொள்ளும்.

பதில் 2:
வலி மாத்திரையை மரப்பு விட்டபின் தொடங்கினால் தாமதம், முன்பே கொடுத்துவிட வேண்டும். பெரியவர்களுக்குப் பாராசிட்டமால் 1 கிராம், 6 மணி நேரத்துக்கு ஒருமுறை. நாளுக்கு 4 கிராமைத் தாண்டக் கூடாது. எடை 50 கிலோவுக்குக் கீழோ கல்லீரல் நோயோ இருந்தால் அளவைக் குறையுங்கள். பல சளி மாத்திரைகளிலும் இதே மருந்து உண்டு, அதைச் சொல்லாமல் அனுப்பாதீர்கள்.

பதில் 3:
மயக்க மருந்து பெற்றவருடன் 24 மணி நேரம் பொறுப்பான ஒருவர் இருக்க வேண்டும். வண்டி ஓட்டக் கூடாது. கட்டு ரத்தத்தில் நனைந்தால் 10 நிமிடம் எடுத்துப் பார்க்காமல் அழுத்தணும், நிற்காவிட்டால் உடனே வரணும். 38 டிகிரி செல்சியஸுக்கு மேல் காய்ச்சல், பரவும் சிவப்பு, சீழ், ஒரு காலில் மட்டும் வீக்கம் இருந்தாலும் அப்படியே. இவற்றைக் காகிதத்தில் எழுதி, இரவிலும் எடுக்கும் போன் எண்ணோடு கொடுங்கள். “புரிந்ததா?” என்றால் எல்லோரும் தலையாட்டுவார்கள், ரத்தம் கசிந்தால் என்ன செய்வீர்கள் என்று அவர்கள் வாயாலேயே சொல்ல வையுங்கள்.