'சடங்குரை' வேண்டாம், 'முறைமையுரை' எனலாம்

நண்பர்களுக்கு வணக்கம்.

பட்டமளிப்பு, பதவியேற்பு, இரங்கல் கூட்டம் போன்றவற்றில் முறைப்படி ஆற்றப்படும் உரைகள் அனைத்துக்கும் பொதுச்சொல்லாக இங்கு முன்மொழியப்பட்ட 'சடங்குரை'யை ஏற்க எனக்கு மனம் வரவில்லை. 'சடங்குக்குப் பேசினார்' என்றால் ஒப்புக்குப் பேசினார் என்றே நம் மக்கள் பொருள்கொள்வார்கள். தென்மாவட்டங்களில் 'சடங்கு' என்றதுமே பூப்புநீராட்டு விழா நினைவுக்கு வரும். 'விழாவுரை' இரங்கலுக்குப் பொருந்தாது. 'அவையுரை' சட்டமன்ற விவாதப் பேச்சோடு கலந்துவிடும்.

பேச்சுக்கலையை மூன்றாகப் பகுத்த அரிஸ்டாட்டில், இனிச் செய்யவேண்டியதை ஆராயும் பேச்சுக்கும் நடந்து முடிந்ததை வழக்காடும் பேச்சுக்கும் அப்பால், புகழ்தலும் பழித்தலும் தொழிலாகக் கொண்ட மூன்றாவது வகையை வைத்தார். நாம் பெயர் தேடும் உரைகள் இந்த வகையைச் சேர்ந்தவை. அங்கே கேட்போர் தீர்ப்புச் சொல்லவோ வாக்களிக்கவோ வந்தவர் அல்லர். அதற்காக அவ்வுரை வெறும் அலங்காரம் என்று கருதிவிடக் கூடாது. அரசியலமைப்பின் 176ஆம் பிரிவின்படி ஆண்டின் முதல் கூட்டத்தொடர் தொடங்கும்போது ஆளுநர் ஆற்றும் உரையை எழுதித் தருவது அமைச்சரவை. வாசிப்பவரின் சொந்தக் கருத்துக்கு அதில் இடமில்லை என்பதே மரபு. இருந்தும் அந்த உரை ஓர் அரசு தன் கொள்கையை அவையின்முன் அறிவிக்கும் செயலாகிறது. யார், எப்பொழுது, எந்தப் பொறுப்பில் நின்று பேசுகிறார் என்னும் முறைமைதான் இவ்வகை உரைக்கு ஆற்றல் தருகிறது என்பதால் 'முறைமையுரை' என்னும் சொல்லை முன்வைக்கிறேன்.

உட்பிரிவுகளிலும் கவனம் தேவை. 1863 நவம்பர் 19 அன்று அமெரிக்காவின் கெட்டிஸ்பர்க் போர்வீரர் கல்லறைத் தோட்ட விழாவுக்கு அச்சிட்ட நிகழ்ச்சிநிரல், புகழ்பெற்ற பேச்சாளர் எட்வர்டு எவரெட் ஆற்றவிருந்ததை ஒரு பெயராலும் அதிபர் லிங்கன் பேசவிருந்ததை வேறொரு பெயராலும் குறித்தது. எவரெட் ஏறக்குறைய இரண்டு மணி நேரம் பேசினார். லிங்கனின் பேச்சு சில நிமிடங்களில் முடிந்தது. உலகம் நினைவில் வைத்திருப்பது பின்னதைத்தான் என்றாலும், வகையால் முன்னது 'பேருரை', பின்னது 'அர்ப்பணிப்புரை'. இரண்டையும் 'சொற்பொழிவு' என்று மொழிபெயர்த்தால் அந்த வேறுபாடு மறைந்துபோகும். அறக்கட்டளைகளின் சார்பில் ஆண்டுதோறும் அறிஞர்கள் நிகழ்த்துபவற்றுக்குச் 'சொற்பொழிவு' என்பதே போதும்.

வரவேற்புரை, வாழ்த்துரை, ஏற்புரை, நன்றியுரை ஆகியவை அழைப்பிதழ்களில் நன்றாக வேரூன்றிவிட்ட சொற்கள். அவற்றை மாற்றாமல் முறைமையுரையின்கீழ் அப்படியே சேர்க்கலாம். 'மையவுரை' கருத்தரங்கின் ஆய்வுப்பொருளைத் திறந்துவைப்பதாகையால், அதை இந்தப் பட்டியலில் சேர்க்க வேண்டியதில்லை.