கைநடுக்கத்தோடு கைபேசியும் கணினியும்: புதுக் கருவி வாங்கும் முன் எதை மாற்றிப் பார்க்கலாம்?

மெல்லவிசை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எனக்குப் பல ஆண்டுகளாகக் கைநடுக்கம் உண்டு. இது பார்க்கின்சன் அல்ல, எசென்ஷியல் ட்ரெமர் என்று மருத்துவர் உறுதியாகச் சொல்லிவிட்டார். கை மடியில் கிடக்கும்போது அமைதியாகவே இருக்கிறது. ஒன்றைக் குறிவைத்து நீட்டும்போதுதான் ஆடத் தொடங்குகிறது, குறியை நெருங்க நெருங்க ஆட்டமும் கூடுகிறது. என் பிழைப்போ பிறர் எழுதிய தமிழை மெய்ப்புப் பார்ப்பது. ஆகவே பகல் முழுவதும் கணினியோடும் மற்ற நேரமெல்லாம் கைபேசியோடும்தான் காலம் கழிகிறது.

கைபேசியில் ஒருவருடைய எண்ணைப் பார்ப்பதற்காகப் பெயரைத் தொட்டால் அழைப்பே போய்விடுகிறது. சென்ற மாதம் நள்ளிரவில் என் பழைய மேலதிகாரியை இப்படித்தான் எழுப்பிவிட்டேன். அவர் பெருந்தன்மையானவர் என்பதால் பிழைத்தேன். ஒரு செய்தியைத் திறக்கப் போனால் அழிக்கவா, நகலெடுக்கவா என்று கேட்கும் பட்டியல் திறந்துகொள்கிறது. கணினியில் ஓர் எழுத்தை அழுத்தினால் இரண்டு மூன்றாக விழுகிறது. சுட்டியை ஒரு சொல்லின் முன்னால் கொண்டுபோய் நிறுத்துவதற்குள் தோளே வலித்துவிடுகிறது.

குரல்வழித் தட்டச்சு கடிதம் எழுத உதவுகிறது, மறுக்கவில்லை. ஆனால் மெய்ப்புப் பார்க்கும்போது, தேவையில்லாத ஓர் ஒற்றெழுத்தை நீக்க வேண்டுமென்றால் வாயால் எதைச் சொல்வது? கண் அசைவால் இயங்கும் கருவி ஒன்றை வாங்கிவிடும்படி உறவினர்கள் வற்புறுத்துகிறார்கள். அவ்வளவு தூரம் போவதற்கு முன்னால், இருக்கிற சாதனங்களிலேயே செய்யக்கூடியது ஏதேனும் உண்டா? இதே சிக்கலோடு வாழ்பவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

ஒற்றைவிரல் எழுதியது:

வணக்கம் ஐயா. எனக்குப் பிறவியிலிருந்தே பெருமூளை வாதம். வலக்கையின் ஒரு விரலால்தான் தட்டச்சு செய்கிறேன். எதையும் வாங்காதீர்கள், எந்த அமைப்பையும் இப்போதே மாற்றவும் வேண்டாம். முதலில் இரண்டு நாள், தவறு நடக்கும் ஒவ்வொரு முறையும் அது எந்த வகைத் தவறு என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். நாம் எல்லாவற்றையும் ‘கை நடுங்குகிறது’ என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறோம், ஆனால் சாதனத்துக்கு அவை வெவ்வேறு நிகழ்வுகள். விரல் வேறிடத்தில் இறங்குவது ஒன்று, சரியான இடத்தில் இறங்கியும் எடுக்கத் தாமதமாவது வேறொன்று, எடுத்த விரல் மீண்டும் மோதுவது இன்னொன்று. ஒவ்வொன்றுக்கும் மருந்து தனி. மாற்றிக் கொடுத்தால் நோய் கூடத்தான் செய்யும்.

நீங்கள் எழுதியதைப் பார்த்தால், பட்டியல் திறந்துகொள்வது இரண்டாம் வகை. விரல் கண்ணாடியில் கொஞ்சம் கூடுதலாகத் தங்கிவிடுவதால் கைபேசி அதை நீண்ட அழுத்தமாக எடுத்துக்கொள்கிறது. ஆண்ட்ராய்டில் அணுகல்தன்மை அமைப்புகளுக்குள், தொட்டுப் பிடிப்பதற்கான தாமதம் என்ற ஒன்று உண்டு. அதை ‘நீளம்’ என்று மாற்றினாலே பாதித் தொல்லை ஒழியும். எழுத்து இரண்டாக விழுவது மூன்றாம் வகை. அதற்குச் சாம்சங் கைபேசிகளில், அடுத்தடுத்து விழும் தொடுகைகளைப் புறக்கணிக்கும் வசதி தனியாகவே இருக்கிறது. ஐபோனில் ‘டச் அக்காமடேஷன்ஸ்’ என்ற ஒரே பக்கத்தில் எல்லாம் கிடைக்கும்: எவ்வளவு நேரம் விரல் தங்கினால் தொடுகை என்று கொள்வது, எவ்வளவு நேரத்துக்குள் விழும் மறுதொடுகையை விட்டுவிடுவது, விரல் முதலில் பட்ட இடத்தைக் கணக்கில் எடுப்பதா அல்லது கடைசியாக எடுத்த இடத்தையா என்று எல்லாவற்றையும் அங்கேயே தீர்மானிக்கலாம். பெயரைத் தொட்டால் அழைப்புப் போகும் உங்கள் சிக்கலுக்குக் கடைசியாகச் சொன்னதுதான் பயன்படும். விரலை எங்கேனும் இறக்கி, நகர்த்திச் சரியான இடத்துக்குக் கொண்டுவந்து, பிறகு எடுத்தால் போதும்.

கணினியில் விண்டோஸ் என்றால், வலப்பக்க ஷிஃப்ட் விசையை 8 வினாடி அழுத்திப் பிடித்தால் ‘ஃபில்டர் கீஸ்’ வசதியை இயக்கவா என்று கேட்கும். அதற்குள் இரண்டு வேலைகள் இருக்கின்றன. போகிற போக்கில் உரசிய விசைகளைக் கணக்கில் எடுக்காமல் விடுவது ஒன்று, ஒரே விசை உடனே மறுபடி விழுந்தால் அதைப் புறக்கணிப்பது மற்றொன்று. உங்களுக்கு இரண்டாவதே தேவை என்று நினைக்கிறேன். முதலாவதைப் போட்டுவிட்டு, ‘கணினி மந்தமாகிவிட்டது’ என்று அதை அணைத்துவிடுபவர்களே அதிகம்.

பணம் செலவழித்தே தீருவது என்றால் விசைக்காப்புத் தட்டுக்குச் செலவழியுங்கள். விசைப்பலகையின் மேல் பொருந்தும் அக்ரிலிக் தட்டு அது, ஒவ்வொரு விசைக்கும் நேராக ஒரு துளை இருக்கும். உள்ளங்கையைத் தட்டின் மேல் முழுப் பாரத்தோடு ஊன்றிக்கொண்டு, விரலைத் துளைக்குள் இறக்கினால் மட்டுமே எழுத்து விழும். கை காற்றில் தொங்காததால் ஆட்டமும் குறையும், அக்கம்பக்கத்து விசைகளும் தப்பிக்கும். நான் பதினைந்து ஆண்டுகளாக இதில்தான் எழுதுகிறேன். துளைகளின் விளிம்புகள் தேய்ந்து வழவழப்பாகிவிட்டன.

கைத்தாங்கல் எழுதியது:

நான் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட், அதாவது அன்றாட வேலைகளைத் தாமே செய்துகொள்ளப் பயிற்சி தருபவர். மேலே உள்ள பதிலோடு முழுவதும் உடன்படுகிறேன். கை பற்றியும் கண் கருவி பற்றியும் மட்டும் சிறிது சேர்க்கிறேன்.

செயலின்போது கூடும் நடுக்கத்தில், கை எவ்வளவு தூரம் தாங்கலின்றி நீள்கிறதோ அவ்வளவு பெரிதாக விரல் நுனியில் ஆட்டம் தெரியும். ஆகவே முழங்கையும் முன்கையும் மேசைமேல் முழுமையாக அமரும் உயரத்தில் நாற்காலியை வையுங்கள். கைபேசியை ஒரு கையில் பிடித்து மறு கையால் தொடுவதை நிறுத்திவிடுங்கள். இரண்டு கைகளும் தனித்தனியே ஆடும்போது குறியும் ஆடுகிறது, குறிபார்ப்பவரும் ஆடுகிறார். வழுக்காத விரிப்பின் மேல் கனமான தாங்கியில் கைபேசியை நிறுத்திவிட்டால் ஆட்டம் ஒன்றாகக் குறைந்துவிடும். மணிக்கட்டில் எடை கட்டிக்கொள்வது சிலருக்கு உதவுகிறது, சிலருக்குச் சோர்வைத்தான் தருகிறது. அரை மணி நேரம் முயன்று பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

சுட்டிக்குப் பதிலாக டிராக்பால் வைத்துக்கொள்வதை மெய்ப்புப் பணிக்கு நான் பரிந்துரைப்பேன். அதன் உடல் மேசையில் அசையாமல் இருக்கும், பந்து மட்டுமே சுழலும். குறி சரியான இடத்துக்கு வந்ததும் பந்திலிருந்து கையை எடுத்துவிட்டு, பிறகு பொத்தானை அழுத்தலாம். நகர்த்துவதும் அழுத்துவதும் இரண்டு தனிச் செயல்களாகப் பிரிந்துவிடுவதில்தான் இதன் பயன் இருக்கிறது. சாதாரணச் சுட்டியில் அழுத்தும் அந்தக் கணத்திலேயே குறி நழுவுவதை நீங்களே கவனித்திருப்பீர்கள். சொற்களைத் தேர்ந்தெடுக்க இழுக்க வேண்டியிருந்தால், விண்டோஸில் ‘கிளிக் லாக்’ என்ற வசதியை இயக்கிவிடுங்கள். பொத்தானைச் சிறிது நேரம் அழுத்திவிட்டு விட்டாலும் அது பிடித்துக்கொண்டேயிருக்கும்.

கண் அசைவுக் கருவி பற்றி: கையை அறவே பயன்படுத்த முடியாதவர்களுக்கு அது வாழ்க்கையையே திருப்பித் தருகிறது, அதில் ஐயமில்லை. ஆனால் எசென்ஷியல் ட்ரெமர் தலையையும் குரலையும் தொடுவதுண்டு. தலை ஆடினால் அளவீடு கலைந்துகொண்டேயிருக்கும். அதைவிடப் பெரிய இடர், உங்கள் தொழிலில் கண்தான் வேலை செய்கிறது. ஒரு சொல்லை உற்றுப் பார்த்து யோசிப்பதும் அதை அழுத்துவதும் ஒரே பார்வையால் நடந்தாக வேண்டும் என்றால், யோசிக்கும் சொற்களெல்லாம் அழுத்தப்பட்டுவிடும். ஐபோனில் 2024-இல் வந்த ஐஓஎஸ் 18-இலிருந்து, அதற்கேற்ற புதிய மாதிரிகளில், முன்கேமராவைக் கொண்டே கண்ணால் இயக்கும் வசதி உள்ளது. அப்படியொரு கைபேசி யாரிடமாவது இருந்தால் ஒரு மணி நேரம் கடன் வாங்கிப் பாருங்கள், உறவினர்களுக்கு விடை சொல்ல அதுவே போதும்.

செவிவழி எழுதியது:

எனக்கு நடுக்கம் இல்லை, பார்வைதான் இல்லை. இருந்தாலும் சொல்ல எனக்கு இரண்டு செய்திகள் உண்டு. ஒருவருடைய குறைக்காகச் செய்யப்பட்ட கருவி வேறொருவருக்கு வேறு விதமாகக் கைகொடுப்பதை நான் பலமுறை கண்டிருக்கிறேன்.

முதலாவது, சுட்டியையே விட்டுவிட முடியுமா என்று யோசியுங்கள். நான் பயன்படுத்தும் என்விடிஏ திரைவாசிப்பான், மைக்கேல் கர்ரன் என்ற பார்வையற்ற ஆஸ்திரேலியர் 2006-இல் தொடங்கி, எல்லோருக்கும் இலவசமாகக் கொடுத்தது. அதில் நாள் முழுவதும் வேலை செய்யும் நாங்கள் சுட்டியைத் தொடுவதே அரிது. கண்ட்ரோலோடு அம்புக்குறி விசையை அழுத்தினால் சொல் சொல்லாகத் தாவலாம், ஷிஃப்டும் சேர்ந்தால் தாவிய சொல் தேர்வாகிவிடும். இரண்டு மூன்று விசைகளைச் சேர்த்துப் பிடிப்பது உங்களுக்குக் கடினமாக இருக்கும் என்று தெரியும். அதற்காகவே ‘ஸ்டிக்கி கீஸ்’ இருக்கிறது. ஷிஃப்டை ஐந்து முறை தட்டினால் அது இயங்கத் தொடங்கும், பிறகு சேர்த்து அழுத்த வேண்டியவற்றை ஒன்றன்பின் ஒன்றாக அழுத்தலாம்.

இரண்டாவது, உங்கள் தமிழ் விசைப்பலகை எது? ஆங்கில எழுத்துகளை ஒலிப்படி தட்டுபவராக இருந்தால் தமிழ்99-க்கு மாறிப் பாருங்கள். ‘வணக்கம்’ என்பதற்கு ஒலிபெயர்ப்பு முறையில் எட்டு எழுத்துகளும், ணகரத்துக்காக ஒரு ஷிஃப்டும் தேவைப்படும். தமிழ்99-இல் வ, ண, க, க, ம, புள்ளி என்று ஆறே தட்டுகள். ஒரே மெய்யை இரண்டு முறை தட்டினால் முதலாவதுக்குப் புள்ளி தானாக வந்துவிடும். ந-வை அடுத்துத் த-வும், ங-வை அடுத்துக் க-வும் வந்தாலும் அப்படியே. ஷிஃப்ட் கிரந்த எழுத்துகளுக்கு மட்டுமே. தட்டுகள் குறையக் குறையத் தவறு நிகழும் வாய்ப்பும் குறைகிறதல்லவா?

கைபேசிக்கும் ஒன்று சொல்கிறேன். நடுக்கமுள்ள என் நண்பர் ஒருவர் பார்வை நன்றாக இருந்தும் ஆண்ட்ராய்டின் திரைவாசிப்பானான டாக்பேக்கைப் பயன்படுத்துகிறார். அதில் திரையின் எந்த இடத்திலும் வலப்பக்கம் தள்ளினால் அடுத்த பொருளுக்குப் போகும், எந்த இடத்தில் இருமுறை தட்டினாலும் தேர்ந்த பொருள் திறக்கும். குறிபார்க்க வேண்டிய தேவையே இல்லை. ஆனால் இருமுறை தட்டுவது எல்லோருக்கும் கைவராது. அதை அணைக்கும் குறுக்குவழியைக் கற்றுக்கொள்ளாமல் இயக்கிவிடவும் கூடாது. தொடும் முறையே மாறிவிடுவதால் திக்குமுக்காடிப் போவீர்கள்.

மெல்லவிசை எழுதியது:

மூவருக்கும் நன்றி. மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். ஒற்றைவிரல் சொன்னபடி இரண்டு நாள் குறிப்பெடுத்தேன். என் தவறுகளில் பெரும்பங்கு இடம் தவறுவதால் அல்ல, விரலை எடுக்கத் தாமதமாவதால் வருவது என்று அப்போதுதான் தெரிந்தது. தொட்டுப் பிடிக்கும் தாமதத்தைக் கூட்டியபிறகு அந்தப் பட்டியல் நாளுக்கு ஒரு முறைகூடத் திறப்பதில்லை. கைபேசி இப்போது தாங்கியில்தான் நிற்கிறது. கண் கருவிப் பேச்சு வீட்டில் ஓய்ந்துவிட்டது.

ஒரு விபத்தையும் சொல்லியாக வேண்டும். தமிழ்99-க்கு மாறிய கையோடு, ஃபில்டர் கீஸில் மறுதொடுகையைப் புறக்கணிக்கும் நேரத்தை ஒரு வினாடி என்று வைத்துவிட்டேன். இரட்டை எழுத்துத் தொல்லை மாயமாகிவிட்டது என்று மகிழ்ந்து நான்கு பக்கம் திருத்திவிட்டுப் படித்துப் பார்த்தால், நான் சேர்த்த ‘பக்கம்’ எல்லாம் ‘பகம்’, ‘அச்சம்’ எல்லாம் ‘அசம்’. இரண்டாவது ககரத்தை நானே வேண்டுமென்று தட்டினாலும் கணினி அதை நடுக்கமாகவே எடுத்துக்கொண்டது. மெய்ப்புப் பார்ப்பவனே இந்தப் பிழையைச் செய்தால் யாரிடம் போய்ச் சொல்வது? நேரத்தை அரை வினாடியாகக் குறைத்துவிட்டு, இரட்டை மெய் வரும் இடங்களில் மட்டும் க, புள்ளி, க என்று இடையில் புள்ளியை நானே தட்டுகிறேன். ஒரு தட்டுக் கூடுகிறது, ஆனால் இரண்டு ககரங்களுக்கும் நடுவே போதிய நேரம் கிடைத்துவிடுகிறது.

தீராத சிக்கல் ஒன்று மிச்சம். வங்கிச் செயலி ஒன்றில் கடவு எண்ணைத் தட்டி முடிப்பதற்குள் நேரம் முடிந்து வெளியேற்றிவிடுகிறது. பணம் அனுப்புவதை உறுதிசெய்ய ஒரு பட்டையை ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு இழுக்கச் சொல்கிறது. பாதியில் விரல் துள்ளினால் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

கைத்தாங்கல் எழுதியது:

ஆண்ட்ராய்டில் ‘டைம் டு டேக் ஆக்‌ஷன்’ என்று ஓர் அமைப்பு உண்டு. தானாக மறையும் அறிவிப்புகளை 2 நிமிடம் வரை நிறுத்திவைக்கச் சொல்லலாம். ஆனால் அதற்கு இணங்கும்படி செயலியை எழுதியிருந்தால்தான் பயன், வங்கிச் செயலியின் வெளியேற்றத்தை அது பெரும்பாலும் தடுக்காது. இங்கே குறை உங்கள் கையில் இல்லை, செயலியின் வடிவமைப்பில்தான் இருக்கிறது. ஆகவே புகார் எழுதுங்கள். இணைய அணுகல்தன்மைக்கான டபிள்யூசிஏஜி வழிகாட்டியின் 2.2 பதிப்பு 2023 அக்டோபரில் வந்தது. இழுத்துச் செய்யும் எந்தச் செயலுக்கும், இழுக்காமல் தட்டியே முடிக்கும் மாற்றுவழி வேண்டும் என்று அது கேட்கிறது. நேர வரம்பு இருந்தால் அதை நீட்டிக்க வழி வேண்டும் என்பது அதற்கு முந்தைய பதிப்புகளிலேயே உள்ளது. ‘எனக்குச் சிரமமாக இருக்கிறது’ என்று எழுதினால் ஆறுதல் கடிதம்தான் வரும். எந்தத் திரையில், எந்தப் பட்டையில், எத்தனை முறை முயன்று தோற்றீர்கள் என்பதை இந்த இரண்டு விதிகளோடு சேர்த்து எழுதினால், அது செயலியை எழுதுபவர்களின் மேசைக்குப் போக வாய்ப்புண்டு.

மெல்லவிசை எழுதியது:

இன்றே எழுதுகிறேன். பதினோரு முறை; எண்ணி வைத்திருக்கிறேன்.