வாளியில் வளரும் மிளகாய்ச் செடி தூர் அழுகினால்: டெல்டாவிலிருந்து கனடா போனவர்களுக்கு

நம் பக்கத்துப் பிள்ளைகள் கனடா போய் இறங்கியதும் முதல் குளிர்காலத்திலேயே ஒரு வாளி, ஒரு எல்இடி விளக்கு, மீன் தொட்டிக்குக் காற்று ஊதும் பம்ப் வாங்கி, மண்ணே இல்லாமல் உரம் கரைத்த தண்ணீரில் (கரைசலில்) மிளகாய், தக்காளி போட ஆரம்பித்துவிடுகிறார்கள். நல்ல பழக்கம்தான். ஆறு மாதம் வெளியே பச்சையே கண்ணில் படாத ஊரில் வீட்டுக்குள் ஒரு செடி இருந்தால் மனதுக்குத் தெம்பு. ஆனால் பாதிப் பேருக்கு, செடி முழங்கால் உயரம் வந்து பூ எடுக்கும் நேரத்தில் தண்டின் அடி கருத்து, கொழகொழவென்று ஆகித் தலை சாய்ந்துவிடுகிறது. உடனே வீடியோ கால். பாபநாசத்தில் வயல் வரப்பில் நிற்கும் என்னிடம், “மாமா, என்ன மருந்து ஊத்தணும்?”

மருந்து அப்புறம். அக்கா மகன் கேட்ட இன்னொரு கேள்விதான் விஷயத்தின் மூலம்: “நெல்லே மாசக்கணக்கா தண்ணியில நிக்குது, மிளகாய் நின்னா என்ன மாமா?”

நெல்லுக்குத் தாளுக்குள்ளேயே காற்றுப் பாதை இருக்கிறது. இலை வாங்கும் காற்று அந்த வழியாக வேர் வரை இறங்கும். அதனால்தான் சம்பாப் பயிர் தேங்கிய தண்ணீரில் நிற்கிறது. அதுவும் நுனி முழுகி நாள்கணக்கில் கிடந்தால் அழுகத்தான் செய்யும். மிளகாய்க்கும் தக்காளிக்கும் அப்படிப் பாதை கிடையாது. வேர் இருக்கும் தண்ணீரிலேயே காற்று கரைந்திருக்க வேண்டும். நம் ஊர் வெற்றிலைக் கொடிக்காலைப் பாருங்கள். தினமும் தண்ணீர் கேட்கும் பயிர், ஆனாலும் மேட்டில் கொடி, பக்கத்தில் பள்ளம் என்றுதான் அமைப்பார்கள். வடிகால் அடைத்துக்கொண்டால் கொடி தூரிலிருந்து வாடிப்போகும். வாளிக்கும் அதே கணக்குதான்.

தண்ணீர் சூடேற ஏறக் காற்று தங்காது. 20 டிகிரியில் லிட்டருக்குச் சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும், 30 டிகிரியில் ஏழரைதான். அதே சூட்டில்தான் பித்தியம் என்ற அழுகல் கிருமி கும்மாளம் போடும். அதன் வித்துகள் தண்ணீரில் நீந்திப் போய் வேரைப் பிடிக்கக்கூடியவை. நம் நாற்றங்காலில் மிளகாய் நாற்றைச் சாய்க்கிற அதே கூட்டம்தான், புது ஆள் இல்லை.

“வெளியே பனி கொட்டுது, சூடு எங்கிருந்து வரும்?” என்பார்கள். தரையைப் பாருங்கள். அங்கே பல வீடுகளில் ஹீட்டர் காற்று தரையில் இருக்கும் கம்பித் துளை வழியாகத்தான் வரும். இடம் காலியாக இருக்கிறதே என்று அதன் பக்கத்தில் வாளியை வைத்திருப்பீர்கள். மேலே விளக்குச் சூடு, கீழே ஹீட்டர் சூடு. ஒரு தெர்மாமீட்டரைத் தண்ணீரில் விட்டுப் பாருங்கள். 18 முதல் 22 டிகிரிக்குள் இருந்தால் நல்லது. மேலே போனால் வாளியை நகர்த்துங்கள், அவசரத்துக்கு ஒரு பாட்டில் தண்ணீரை உறையவைத்து மூடியோடு உள்ளே போடலாம்.

சரி, செடி சாய்ந்துவிட்டது, என்ன பார்ப்பது? செடியைத் தாங்கும் ஓட்டைக் கூடையை, அதாவது நெட் பாட்டைத் தூக்கி ஒரு வேரை இரண்டு விரலால் பிடித்து மெதுவாக உருவுங்கள். நல்ல வேர் வெள்ளையாக, விறைப்பாக இருக்கும், இழுத்தால் டக்கென்று அறும். அழுகிய வேரில் பழுப்புத் தோல் உறை மாதிரி கழன்று விரலோடு வந்துவிடும், நடுவில் நூல் மட்டும் மிஞ்சும். சாக்கடை வாடையும் அடிக்கும். அது பித்தியம் வேலை. வேர் ஓரளவு நன்றாக இருந்து, பகலில் வாடி இரவில் நிமிர்ந்தால் தண்டின் அடியைக் குறுக்கே வெட்டிப் பாருங்கள். உள்ளே பழுப்பு வளையம் தெரிந்தால் அநேகமாக பியூசேரியம் என்ற வாடல் நோய்ப் பூஞ்சை. அந்தச் செடியை மனதைக் கல்லாக்கிக்கொண்டு பையில் கட்டிக் குப்பைக்கு அனுப்பிவிடுங்கள், அதிலிருந்து பதியன்கூட எடுக்காதீர்கள். தண்டின் மேல்பகுதியில் சாம்பல் நிறப் பஞ்சு படிந்தால் அது வேறு: ஈரக்காற்று தேங்குவதால் வருவது. பேஸ்மென்டில் ஒரு சின்ன மின்விசிறி ஓடினாலே பாதி குறையும்.

வேர் நன்றாக இருந்து தூர் மட்டும் மெத்தென்று இருந்தால், தண்ணீர் மட்டத்தைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். வேர் நன்றாக இறங்கிய பிறகு நெட் பாட்டின் அடியைத் தண்ணீர் தொடக் கூடாது. இரண்டு விரல்கடை இடைவெளி விடுங்கள். தண்டைச் சுற்றி நெட் பாட்டில் நிரப்பியிருக்கும் சுட்ட களிமண் உருண்டையின் மேல்பரப்பு எப்போதும் காய்ந்திருக்க வேண்டும். மேலே இருந்து கரைசல் ஊற்றும் பழக்கத்தை விட்டுவிடுங்கள்.

பித்தியம் லேசாக இருந்தால் பழுப்பு வேர்களைக் கத்தரியுங்கள். கரைசலை முழுதாகக் கொட்டிவிட்டு, வாளி, பம்ப் குழாய் எல்லாவற்றையும் ஒரு பங்கு பிளீச், ஒன்பது பங்கு தண்ணீரில் கழுவி, வாடை போக அலசுங்கள். பிளீச்சோடு வினிகரையோ வேறு கிளீனரையோ கலக்கவே கூடாது, விஷ வாயு வரும். புதுக் கரைசலின் பிஎச் 5.5 முதல் 6.5 வரை. வெளிச்சம் உள்ளே போகாத வாளிதான் வேண்டும், இல்லாவிட்டால் பாசி பிடிக்கும். தொட்டியைச் சுற்றிப் பறக்கும் சின்னக் கருப்புக் கொசு மாதிரியான பூச்சியையும் ஒழியுங்கள், அதுவும் அழுகலைச் செடிக்குச் செடி சுமக்கும். பம்ப் இரவும் பகலும் ஓடட்டும். சத்தம் தூக்கத்தைக் கெடுக்கிறது என்று இரவில் நிறுத்துகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் செடி சாகத்தான் செய்யும்.

இதே வாளியில் அறைத்தோழர் கஞ்சா வளர்க்கிறார், அதற்கும் இதே அழுகல்தான், பார்த்துச் சொல்லுங்கள் என்று ஒரு தம்பி தயங்கித் தயங்கிக் கேட்டார். நோய் ஒன்றுதான், சட்டம்தான் வேறு. கனடாவில் 2018 அக்டோபர் 17 முதல் வயது வந்தவர்கள் வீட்டில் வளர்க்கலாம், ஆளுக்கு இல்லை, வீட்டுக்கு 4 செடி. கியூபெக்கில் அதுவும் கூடாது. வாடகை ஒப்பந்தத்தில் தடை இருக்கிறதா என்று படியுங்கள். எல்லை தாண்டி ஒரு இலைகூடக் கொண்டு போகக் கூடாது. இந்தியாவில் 1985-ம் ஆண்டுப் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் அப்படியே இருக்கிறது. விசாவில் இருக்கிற பிள்ளைகள் ஒதுங்கியே இருங்கள் என்பது என் கருத்து. சிங்கப்பூர், வளைகுடா போனவர்களுக்கு அந்தப் பேச்சே வேண்டாம்.

வாளியின் கீழே ஒரு அகலத் தட்டு வையுங்கள். இருபது லிட்டர் மரத்தரையில் கொட்டினால் வாடகை முன்பணம் மட்டும் போகாது.

கடைசியாக, அம்மாக்களுக்கு. வேளாண்மை விரிவாக்க மையத்தில் அழுகலை அடக்கும் நல்ல நுண்ணுயிரான டிரைக்கோடெர்மா, சூடோமோனாஸ் பொட்டலம் வாங்கி ஊறுகாய் பாட்டிலுக்கு நடுவே வைத்து அனுப்பாதீர்கள். உயிருள்ள நுண்ணுயிர், மண், செடி எதையும் அனுமதி இல்லாமல் கொண்டு போகக் கூடாது. விமான நிலையத்தில் பிள்ளைதான் பதில் சொல்ல வேண்டியிருக்கும். அதே வகை மருந்து அங்கே தோட்டச் சாமான் கடைகளில் கிடைக்கிறது. ஒன்று மட்டும்: கிருமிகொல்லியான ஹைட்ரஜன் பெராக்சைடு ஊற்றிய வாளியில் அன்றைக்கே அதைப் போட்டால் இரண்டும் வீண்.