சென்ட் ஹெலன்ஸ் எரிமலை: நட்ட காட்டைப் பார்ப்பதா, தானாய் முளைத்ததைப் பார்ப்பதா?

நிலாவெளி வாசி:
அமெரிக்காவின் சியாட்டிலில் இருக்கும் பிள்ளைகளிடம் போகும் திருகோணமலைப் பெற்றோர் சிலர் சென்ட் ஹெலன்சுக்கும் ஒரு நாள் ஒதுக்குகிறார்கள். அந்த ஒரு நாளில் பார்க்க வேண்டியது நட்ட காடுதான். 1980 மே 18 வெடிப்பு ஏறக்குறைய 600 சதுர கி.மீ. பரப்பை அழித்தது. அங்கே காடு வைத்திருந்த மரக் கம்பனியொன்று தன் காணியில் சுமார் 1 கோடியே 80 இலட்சம் கன்றுகளைக் கையால் நட்டது. வெறும் சாம்பலில் வைத்த கன்று பட்டுப்போகும். ஆகவே சாம்பலைத் தோண்டி விலக்கி, பழைய மண்ணில் வேர் படும்படி வைத்தார்கள். இன்று அது அடர்காடு. மனிதன் கைவைக்காமல் பாதுகாத்து, தானாய் வளர விட்ட பக்கம் இன்னும் சாம்பல் பூத்துக் கிடக்கிறது.

கிண்ணியாக் கண்டல்:
அது தூரத்துப் பார்வை. அங்கே குனிந்து பார்க்க வேண்டும். எரிமலை கக்கிய நுரைக்கல் மூடிய வெளியில் நைதரசன் இல்லையென்றே சொல்லலாம். முதலில் வேர் பிடித்தது லூபின் செடி, நமது பயறு, அகத்தியின் குடும்பம். வேர்முடிச்சிலுள்ள பற்றீரியா காற்றிலிருந்து நைதரசனைப் பிடிக்கும். செடி செத்து உக்கினால் அடுத்த விதைக்கு அதுவே மண். வளைக்குள் இருந்து தப்பிய கோஃபர் எலிகள் பழைய மண்ணை மேலே தள்ளின. மே மாதமானதால், நிழற்சரிவில் பனியால் மூடிக்கிடந்த இளமரங்களும் பிழைத்தன. இதில் எதையும் மனிதன் செய்யவில்லை.

நிலாவெளி வாசி:
அழிந்த இடத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பதா? சுனாமிக்குப் பிறகு நமது கரையில் நாம் நடவில்லையா?

கிண்ணியாக் கண்டல்:
நட்டோம். ஆனால் இலங்கையில் அப்போது நட்ட கண்டல்களில் பெரும்பகுதி பிழைக்கவில்லையே! வற்றுப்பெருக்கு வந்துபோகும் மட்டத்தில் வைக்காமல், நாள் முழுக்க மூழ்கிக் கிடக்கும் தாழ்ந்த சேற்றில் குத்திவிட்டுப் போனார்கள். வேருக்கு மூச்சில்லை. நீரோட்டம் திறந்திருந்தால் கண்டல் விதை தானே மிதந்து வந்து தனக்கேற்ற மட்டத்தில் ஊன்றும். நடுவது பிழை என்று சொல்லவில்லை. மட்டம் பார்க்காமல் நடுவதுதான் பிழை.

உப்புவெளிச் சாரதி:
இரண்டு பேரும் ஒரே வீதியைப் பற்றித்தான் பேசுகிறீர்கள். காசில் ரொக் என்ற ஊரில் திரும்பி 504ஆம் வீதியில் ஏறக்குறைய 70 கி.மீ. ஏறினால் வழிநெடுக நட்ட காடு, முடிவில் கோல்ட்வோட்டர் ஏரி. மண்சரிவு ஓடையை அடைத்ததால் உண்டான ஏரி அது, 1980க்கு முன் இல்லை. பக்கத்தில் ஹம்மொக்ஸ் சுற்றுப்பாதை, 4 கி.மீ.க்குள். அங்குள்ள மேடுகள் எல்லாம் சரிந்து வந்த மலையின் துண்டுகள். 2023 மேயில் மண்சரிவு பாலத்தைக் கொண்டுபோனதால் எரிமலையைப் பார்க்கும் ஜோன்ஸ்டன் முகடு வரையான வீதி அறுந்தது. கிழக்கே இன்னொரு பார்வையிடமான விண்டி ரிட்ஜ் வீதியைப் பனி பெரும்பாலும் ஜூன் வரை மூடியிருக்கும். வீதி நிலவரம் பார்க்காமல் புறப்பட வேண்டாம். நிழல் குறைவு, ஆளுக்கு 2 லீற்றர் தண்ணீராவது வேண்டும்.

நிலாவெளி வாசி:
ஒரே வீதி என்றால் ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் லூபினைப் படமெடுக்கப் பத்தடி பாதையை விட்டு இறங்கினால் என்ன கெட்டுவிடும்?

கிண்ணியாக் கண்டல்:
பாதுகாக்கப்பட்ட பகுதியில் இறங்கினால் தண்டம் 100 டொலரில் தொடங்குகிறது. காசை விடுங்கள். 1980 முதல் ஆய்வாளர்கள் ஆண்டுதோறும் எண்ணிவரும் நிலம் அது. சப்பாத்தில் ஒட்டிவரும் ஒரு களைவிதை போதும், எது தானாய் வந்தது, எது நாம் கொண்டுபோனது என்று பிரிக்க முடியாமல் போய்விடும். வீட்டிலிருந்து புறப்படும் முன்னரே சப்பாத்தின் அடியைப் பிரஸ் போட்டுத் தேயுங்கள், நாடாவின் மடிப்புகளையும் பாருங்கள்.