விம்மில் ஸ்வாப் கோப்பு எச்சரிக்கை: எதை அழுத்தினால் எழுதினது திரும்ப வரும்?

மைக்கூடு:
நேற்று ராத்திரி ஒன்பதரைக்குக் கரண்ட் போச்சு, யூபிஎஸ் நாலு தடவை கத்திவிட்டு அதுவும் படுத்துக்கொண்டது. விம் எடிட்டரில் ஒரு மொழிபெயர்ப்பு ஓடிக்கொண்டிருந்தது, கடைசியாகச் சேமித்து இரண்டு மணி நேரம் இருக்கும் (திட்டாதீர்கள், தெரியும்). கரண்ட் வந்ததும் கோப்பைத் திறந்தால் திரை முழுக்க ஆங்கிலம். மேலே ஈ325 அட்டென்ஷன், அடியில் ஆறு வழி: படிக்க மட்டும் திற, எப்படியும் திருத்து, மீட்டெடு, அழி, வெளியேறு, கைவிடு. பதற்றத்தில் 'எப்படியும் திருத்து' அழுத்திவிட்டேன். பழைய பிரதிதான் வந்தது. தலைப்பில் ஒரு எழுத்துப்பிழை கண்ணில் பட்டது, கை சும்மா இருக்காமல் அதைத் திருத்திச் சேமித்தும் தொலைத்தேன். மறுபடி திறந்தாலும் அதே எச்சரிக்கை. வேலை அமைப்பைச் சேமிக்கிற எம்கேசெஷன் கட்டளையும் போட்டுத்தான் வைத்திருந்தேன். அதைத் திறந்தால் ஜன்னல்கள் எல்லாம் அதனதன் இடத்தில் வருகின்றன, எழுதினது மட்டும் இல்லை. எல்லாம் போச்சா?

டெர்மினல்வாசி:
எச்சரிக்கை இன்னும் வருகிறது என்றால் ஸ்வாப் கோப்பு (சேமிக்காத மாற்றங்களை விம் அவ்வப்போது எழுதி வைக்கிற தற்காலிகக் கோப்பு) இன்னும் இருக்கிறது என்று அர்த்தம், அது நல்ல செய்தி. 'அழி' பக்கம் மட்டும் போகாதீர்கள்.

முதலில் அந்தச் செய்தியில் பிராசஸ் ஐடி (கோப்பைத் திறந்திருந்த விம்மின் எண்) வரியைப் பாருங்கள். பக்கத்தில் 'ஸ்டில் ரன்னிங்' என்று இருந்தால் வேறொரு விம் அதே கோப்பைத் திறந்து வைத்திருக்கிறது. அது இல்லாமல், மேலே 'மாடிஃபைடு: யெஸ்' என்றும் இருந்தால் உங்கள் எழுத்து உள்ளேதான். சேமித்த கோப்பையும் புள்ளியில் தொடங்குகிற அந்த ஸ்வாப் கோப்பையும் வேறு ஃபோல்டரில் ஒரு நகல் எடுத்து வையுங்கள். அப்புறம் திறந்து 'மீட்டெடு'. வந்ததைப் பழைய பெயரிலேயே சேமிக்காமல் வேறு பெயரில் எழுதி, டிஃப் போட்டு இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று பார்த்து, திருப்தியான பிறகு ஸ்வாப்பை அழியுங்கள். அதை விம் தானாக அழிக்காது, நீங்கள்தான் அழிக்க வேண்டும். மறந்தால் ஒவ்வொரு முறையும் இதே பயமுறுத்தல் வரும்.

ஒரு சந்தேகம், தலைப்பைத் தவிர வேறு எதையாவது மாற்றினீர்களா? நீங்கள் தொடாத பகுதிகளை விம் மீட்கும்போது சேமித்த கோப்பிலிருந்துதான் எடுத்துக்கொள்ளும். அதில் வரிகள் கூடிக் குறைந்திருந்தால் குழம்பும்.

மைக்கூடு:
ஒரே ஒரு எழுத்துதான், வரி எதுவும் கூடவில்லை. முயற்சி செய்துவிட்டு வருகிறேன்.

பழையவிசைப்பலகை:
தம்பிக்கு வேலை நடக்கட்டும், நான் கொஞ்சம் புலம்பிக்கொள்கிறேன். பழைய யுனிக்ஸில் விம்முக்கு முன்னோடியான விஐ வைத்திருந்தவர்களுக்கு, மெஷின் விழுந்து எழுந்ததும் ஒரு மெயில் வந்திருக்கும்: உன் கோப்பைப் பத்திரமாக வைத்திருக்கிறேன், இந்தக் கட்டளை கொடுத்தால் கிடைக்கும் என்று. இங்கே என்னடா என்றால், பயந்து போயிருக்கிற ஆளிடம் ஆறு வழியைக் காட்டி, எது ஆபத்து என்று சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். 'ஸ்டில் ரன்னிங்' இருக்கிறதா இல்லையா என்பதுதான் மொத்தக் கேள்வியே, அதை ஓனர் பெயருக்கும் தேதிக்கும் நடுவில் ஒளித்து வைத்தால் யார் பார்ப்பது?

ஆவணம் மோசம் என்று சொல்ல மாட்டேன். பயனர் கையேட்டின் 11ஆவது அத்தியாயம் முழுக்க இதுதான், வேறு பெயரில் எழுதி ஒப்பிடச் சொல்வதும் அதிலேயே இருக்கிறது. ஆனால் ராத்திரி கரண்ட் போனவன் கையேடு படித்துவிட்டா வருவான்? அப்புறம் அந்த 'செஷன்' என்கிற பெயர். எம்கேசெஷன் சேமிப்பது ஜன்னல் அமைப்பு, திறந்திருந்த கோப்புகளின் பட்டியல் மாதிரி விஷயங்களைத்தான், சேமிக்காத எழுத்தை அல்ல. நோட்பேட்++ எடிட்டர் பழகினவருக்கு செஷன் என்றால் 7 விநாடிக்கு ஒருமுறை சேமிக்காததையும் எடுத்து வைப்பது. அங்கிருந்து வருகிறவர் ஏமாறத்தான் செய்வார்.

அரைப்புள்ளி:
டிஃப்ஒரிஜ் என்றே ஒரு கட்டளை உண்டு, மீட்டதையும் சேமித்ததையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டும். கொடுமை என்னவென்றால் அது விம்மோடு வரும் டீஃபால்ட்ஸ் என்கிற இயல்பு அமைப்புக் கோப்பில் இருக்கிறது. சொந்தமாக விம்ஆர்சி (நம் அமைப்புகளை எழுதி வைக்கிற கோப்பு) வைத்திருந்தால் அந்தக் கோப்பு தானாக ஏறாது, கட்டளையும் காணாமல் போகும். நான் ஒரு மணி நேரம் தேடினேன். விம்மிலிருந்து பிரிந்த நியோவிம்மில் ஸ்வாப் எல்லாம் ஹோமுக்குள் தனி ஃபோல்டரில் போய்விடும், கோப்புக்குப் பக்கத்தில் குப்பை சேராது.

மைக்கூடு:
வந்துவிட்டது! மூலக்கோப்பு மாறியிருக்கலாம் என்று ஈ308 எச்சரித்தது, வயிறு கலங்கியது, ஆனாலும் கடைசிப் பத்தியின் நடு வாக்கியம் வரை அப்படியே இருக்கிறது. அதற்கப்புறம் ஒரு வரிதான் போயிருக்கிறது. அண்டூ மட்டும் வேலை செய்யவில்லை.

டெர்மினல்வாசி:
ஸ்வாப்பில் அண்டூ வராது, அதற்கு அண்டூஃபைல் என்கிற அமைப்பைத் தனியாகப் போட வேண்டும். ஒரு வரி போனதும் கணக்குச் சரிதான்: 200 எழுத்து அடித்தால், அல்லது 4 விநாடி கை நின்றால்தான் ஸ்வாப்பில் எழுதும். நடுவில் விடாமல் அடித்துக்கொண்டிருந்திருப்பீர்கள். ஸ்வாப்பை அழித்தாச்சா?

மைக்கூடு:
இன்னும் இல்லை. பயமாக இருக்கிறது, நாளைக் காலையில் அழிக்கிறேன்.