மாத்திரையை நிறுத்தினால் வரும் தொல்லைக்கு ஒரு சொல்

அன்புள்ள குழுவினருக்கு,

மனச்சோர்வு மாத்திரையை நிறுத்தினால் வரும் தொல்லைக்கு (ஆங்கிலத்தில் withdrawal) தமிழ்ச்சொல் தேடி நம் குழுவில் வந்த யோசனைகளுக்கு என் பதில் இது.

> "விலகல் நோய்க்குறி" என்றே வைத்துக்கொள்ளலாமே.

இதில் எனக்கு உடன்பாடில்லை, ஐயா. யார் எதிலிருந்து விலகுகிறார்கள் என்பதே அதில் தெரியவில்லை. மருந்துக்கடையில் பகல் முழுக்க நிற்பவன் நான். போன மாதம் ஓர் அம்மா வந்தார். "நாலு நாளா மாத்திரை போடல தம்பி. தலையைத் திருப்பினா உள்ளுக்குள்ள சுரீர்னு கரண்ட் அடிக்குது" என்றார். பராக்செட்டின் என்ற மனச்சோர்வு மாத்திரை சாப்பிடுபவர். பழைய மனச்சோர்வுதான் திரும்பிவிட்டது என்று கூட வந்த மகனுக்குப் பயம். அந்தக் 'கரண்ட்', தலைச்சுற்றல், குமட்டல், தூக்கமின்மை, காரணமில்லாத எரிச்சல் எல்லாம் மருந்து நின்ற சில நாளிலேயே தலைகாட்டும். மருந்தைத் திரும்பத் தொடங்கினால் பெரும்பாலும் சீக்கிரமே அடங்கிவிடும். சோர்வு திரும்புவதென்றால் பொதுவாக வாரக்கணக்கில் மெல்ல மெல்ல வரும். இந்த வேறுபாட்டைச் சொல்ல நமக்கு ஒரு சொல் இருந்திருந்தால் அன்று மகனுக்கு விளக்குவது எளிதாக இருந்திருக்கும். மருத்துவரைப் பார்க்க அனுப்பிவைத்தேன்.

> "விடுநோவு" எப்படி? சின்னதாக, அழகாக இருக்கிறது.

அழகுதான். ஆனால் நம் பேச்சைக் கவனியுங்கள். குடியை 'விட்டார்', பீடியை 'விட்டார்' என்போம். மாத்திரையையோ 'நிறுத்திட்டேன்' என்றுதான் சொல்கிறோம். கெட்ட பழக்கத்துக்கு ஒரு வினை, மருந்துக்கு வேறொரு வினை என்று மக்களே பிரித்து வைத்திருக்கிறார்கள். "இதுக்கு அடிமையாகிடுவோமா?" என்று பயந்தே பாதி பேர் தாமாக நிறுத்திவிட்டு இந்தத் தொல்லையில் மாட்டுகிறார்கள். அவர்களிடம் போய் 'விடு' என்பானேன்?

> "நிறுத்தல் அறிகுறி" என்பது மருந்து நிறுவனங்கள் பூசி மெழுகியதையே நாமும் மெழுகுவதாகாதா?

நியாயமான கேள்வி. ஆங்கிலத்திலும் 'withdrawal' (விலகல்) என்பதா, 'discontinuation' (நிறுத்தல்) என்பதா என்று இதே சண்டை உண்டு. பிரிட்டனின் ராயல் மனநல மருத்துவர் கல்லூரி 2019இல்தான் தன் நிலைப்பாட்டைத் திருத்தி, சிலருக்கு இது கடுமையாகவும் நெடுநாளாகவும் இருக்கலாம் என்று ஏற்றுக்கொண்டது. 'அறிகுறி' என்று மட்டும் சொன்னால் வலி மறைந்துபோகிறது. அதனால் என் முன்மொழிவு: நிறுத்துநோவு. காரணமும் துன்பமும் ஒரே சொல்லில் வந்துவிடுகின்றன, யார்மீதும் பழி விழவில்லை.

எல்லா மருந்துக்கும் இது ஒரே அளவில் வராது என்பதையும் வரையறையில் சேர்க்க வேண்டும். உடம்பில் பராக்செட்டின் பாதியாகக் குறைய ஏறத்தாழ ஒரு நாள். வென்லாஃபாக்சின் என்ற இன்னொரு மனச்சோர்வு மருந்துக்குச் சில மணி நேரமே. இவ்விரண்டிலும் தொல்லை கூடுதல். அதே வகை மருந்தான ஃப்ளூவாக்செட்டினும், உடம்புக்குள் அது மாறி உண்டாகும் வழிப்பொருளும் வாரக்கணக்கில் தங்குவதால் அதில் குறைவு.

மருத்துவர் சொற்படி அளவைச் சிறிது சிறிதாகக் குறைப்பதற்கு யாரோ எழுதிய 'படியிறக்கம்' அருமை, அப்படியே எடுத்துக்கொள்ளலாம். ஒரு குறிப்பு மட்டும்: படிகள் சமமானவை அல்ல. 20 மில்லிகிராமிலிருந்து 10க்கு இறங்குவது பலருக்குச் சுலபம். 5லிருந்து சுழியத்துக்குப் போகும்போதுதான் கால் சறுக்கும்.

ஈழத்து நண்பர்களிடம் ஒரு கேள்வி. உங்கள் பக்கம் 'நோகுது' என்றால் கை கால் வலிதானே முதலில் நினைவுக்கு வரும்? நிறுத்துநோவு என்று கேட்டால் எரிச்சலும் தூக்கமின்மையும் அதில் அடங்கும் என்று தோன்றுமா, அல்லது உடம்பு வலி என்று மட்டும் எடுத்துக்கொள்வார்களா?