புதுப்பிப்பு: நந்தி மலை ஓட்டம், இந்த முறை வலி இல்லை

போன மாதம் இங்கே கேட்டிருந்தேன்: பெங்களூருக்குப் பக்கத்து நந்தி மலை ரோட்டில் ஏறி ஓடிவிட்டு இறங்கினால் முழங்கால் பிடித்துக்கொள்கிறது, என்ன செய்வது என்று. "ஏறும்போது ஓடு, இறங்கும்போது நட" என்று சொன்ன அல்சூர் அண்ணனுக்கு முதல் நன்றி. இறங்கும்போது தொடைத் தசை நீண்டுகொண்டே உடல் எடையைத் தாங்குகிறது, அதுதான் அடி என்று அவர் விளக்கியது சரியாகப் புரிந்தது.

இந்த வியாழக்கிழமை போனேன். ஞாயிறு வேண்டவே வேண்டாம், விடியுமுன்பே பைக்கும் காருமாக ரோடு நிரம்பிவிடும்.

மலையடிவாரத்தில் போக நந்தீஸ்வரர் கோவிலிலிருந்து தொடங்கினேன். 9-ஆம் நூற்றாண்டில் எழுந்த கோவில். தெப்பக்குளத்தின் படிகளில் பனி ஈரம், கல் சில்லென்று இருந்தது. அங்கேயே கால்களை நீட்டி மடக்கி உடம்பைச் சூடாக்கிக்கொண்டேன். கொண்டை ஊசி வளைவுகளில் சின்ன அடியாக வைத்து ஓடினேன், மூச்சு முட்டியபோது நடந்தேன்.

உச்சி 1,478 மீட்டர். திப்புவின் கோட்டை மதிலைத் தொட்டபடி நின்றேன். 1791-இல் ஆங்கிலேயத் தளபதி கார்ன்வாலிஸின் படை இதைப் பிடித்தது. இந்தச் செங்குத்தில் எப்படித்தான் பீரங்கியை இழுத்தார்களோ! நம் ஊருக்கு ஓடிவரும் தென்பெண்ணை பிறப்பதும் இந்த மலைத்தொடரில்தான், அதை நினைத்தாலே மனசு நிறைகிறது.

இறக்கம் முழுவதும் நடைதான். இரண்டு நாளாகியும் முழங்கால் வலிக்கவில்லை. அடுத்து சாவனதுர்கா பாறை மலை. அங்கே பாறை வழுக்குமா, யாராவது மழைக்குப் பிறகு போனீர்களா?